என்எஃப்எஸ் ஏன் மெதுவாக ஓடுகிறது? லினக்ஸில் அதன் வேகத்தைச் சீர்செய்வது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கிய என்எஃப்எஸ் (நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்), வேறொரு கணினியில் இருக்கும் கோப்புகளை நம் கணினியில் இருப்பவைபோலவே திறக்கவும் எழுதவும் வழிசெய்கிறது. இந்த "போலவே" என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. உள்ளூர் வட்டில் கணக்கிலேயே வராத ஒரு செயல், இங்கே கம்பி வழியே போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. கீழே உள்ள பதில்கள், கோப்புகளைத் தரும் சர்வரும் அவற்றைப் பயன்படுத்தும் கிளையன்டும் லினக்ஸில் இயங்கி, இரண்டும் ஒரே அலுவலக வலையமைப்பில் இருக்கும் நிலையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

"என்எஃப்எஸ் மெதுவாக இருக்கிறது" என்று பயனர்கள் முறையிடுகிறார்கள். எங்கே தொடங்குவது?

எது மெதுவாக இருக்கிறது என்று அவர்களிடமே கேட்பதில் தொடங்குங்கள். ஒரு பெரிய வீடியோ கோப்பை நகலெடுப்பது மெதுவாக இருப்பதும், பத்தாயிரம் சிறு கோப்புகள் கொண்ட நிரல் தொகுப்பைப் பிரிப்பது மெதுவாக இருப்பதும் பெயரளவில் ஒரே புகார். ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. முதலாவதில் வட்டும் வலையமைப்பும் நொடிக்கு எத்தனை மெகாபைட் தர முடியும் என்பது கேள்வி. இரண்டாவதில் ஒவ்வொரு கோரிக்கையும் போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது, அப்படி எத்தனை முறை போய்வர வேண்டியிருக்கிறது என்பது கேள்வி. இதைப் பிரித்தறியாமல் மவுண்ட் விருப்பங்களை (சர்வரின் கோப்புறையை நம் கணினியில் இணைக்கும்போது தரும் அமைப்புகளை) மாற்றத் தொடங்குபவர்கள், ஒரு வாரம் கழித்துத் தொடங்கிய இடத்திலேயே நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறகு அடுக்கடுக்காக அளவிடுங்கள். சர்வரிலேயே அமர்ந்து அதன் வட்டு எவ்வளவு வேகமாகப் படிக்கிறது, எழுதுகிறது என்று ஃபியோ போன்ற கருவியால் பாருங்கள். அடுத்து ஐபெர்ஃப்3 கொண்டு, என்எஃப்எஸ்ஸைத் தொடாமல், இரு கணினிகளுக்கும் இடையிலான வலையமைப்பை மட்டும் அளவிடுங்கள். இவ்விரண்டும் கையில் இருந்தால்தான் என்எஃப்எஸ் வழியே கிடைக்கும் வேகம் நியாயமானதா என்று சொல்ல முடியும். கிகாபிட் வலையமைப்பில் நொடிக்கு 125 மெகாபைட் என்பது ஏட்டுக் கணக்கு. பாக்கெட் தலைப்புகள் போக 110 முதல் 118 வரை வந்தால் அதற்குமேல் சீர்செய்ய அங்கே எதுவும் இல்லை.

எனக்கு நொடிக்கு 11 மெகாபைட்தான் வருகிறது. எந்த விருப்பத்தை மாற்ற வேண்டும்?

எதையும் மாற்றாதீர்கள், கேபிளைப் பாருங்கள். 11 என்பது 100 மெகாபிட் இணைப்பின் கையெழுத்து. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை. அவற்றில் ஒன்று பழுதானாலும் பல அட்டைகள் ஓசையின்றி 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். வலையமைப்பு அட்டையின் நிலையைச் சொல்லும் ஈத்டூல் கட்டளை ஒரே வரியில் இதைக் காட்டிவிடும். நான் ஒரு முறை அரை நாள் முழுவதும் மவுண்ட் விருப்பங்களோடு மல்லாடிவிட்டு, மேசைக் காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த கேபிளை மாலையில்தான் கண்டேன்.

டிடி கட்டளையால் சோதித்தால் நொடிக்கு 2 கிகாபைட் காட்டுகிறது. இதை நம்பலாமா?

நம்பக் கூடாது. நீங்கள் அளந்தது உங்கள் கணினியின் நினைவகத்தை. கிளையன்ட் எழுதும் தரவை முதலில் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, ஓய்வாகச் சர்வருக்கு அனுப்புகிறது. கோப்பை மூடும்போதோ, தரவை உடனே பதிக்கச் சொல்லும் எஃப்சிங்க் அழைக்கப்படும்போதோ, நினைவகம் நெருக்கும்போதோதான் அது முழுமையாக வெளியேறும். எனவே எழுதும் சோதனையில் இறுதியில் எஃப்சிங்க் செய்யும் விருப்பத்தைச் சேர்த்தே நேரத்தைக் கணக்கிட வேண்டும். படிக்கும் சோதனையில், கிளையன்ட், சர்வர் இரண்டின் கேஷையும் (நினைவகத்தில் வைத்திருக்கும் பிரதிகளையும்) காலிசெய்ய வேண்டும், அல்லது இரண்டின் நினைவகத்தையும் விடப் பெரிய கோப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான பயன்பாட்டின்போது என்ன நடக்கிறது என்று பார்க்க எந்தக் கருவி?

என்எஃப்எஸ்ஐஓஸ்டாட், மவுண்ட்ஸ்டாட்ஸ் ஆகிய இரண்டும் போதும். என்எஃப்எஸ்ஐஓஸ்டாட் காட்டும் பட்டியலில் இரண்டு நெடுவரிசைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று, கோரிக்கை கம்பியில் ஏறியதிலிருந்து பதில் வரும்வரை ஆன சராசரி நேரம். மற்றொன்று, கிளையன்டின் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அந்தக் கோரிக்கையை உருவாக்கியதிலிருந்து முடியும்வரை ஆன மொத்த நேரம். முதலாவது 1 மில்லிநொடியாகவும் இரண்டாவது 40 மில்லிநொடியாகவும் இருந்தால், சர்வரைக் குறைசொல்ல வழியில்லை. கோரிக்கைகள் உங்கள் கணினியிலேயே வரிசையில் நிற்கின்றன. இரண்டுமே 40க்கு அருகில் இருந்தால், சர்வரையோ வலையமைப்பையோ ஆராய வேண்டும். சீர்செய்யும் வேலையில் பாதி இந்த ஒரு ஒப்பீட்டில் முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

ஆர்சைஸ், டபிள்யூசைஸ் இரண்டையும் 8192 ஆக வைக்கும்படி ஒரு கையேடு சொல்கிறது. செய்யலாமா?

வேண்டாம். ஒரே கோரிக்கையில் எவ்வளவு தரவைப் படிக்கலாம், எழுதலாம் என்பதை இவ்விரண்டும் வரையறுக்கின்றன. என்எஃப்எஸ் பதிப்பு 2இல் 8192 பைட் என்பதே உச்சவரம்பு. அந்தக் காலத்து அறிவுரை இன்றும் ஒரு கையேட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகலாகிக்கொண்டிருக்கிறது. இன்றைய லினக்ஸில் இயல்பான உச்சவரம்பு 10,48,576 பைட், அதாவது 1 மெகாபைட். நீங்கள் எதையும் குறிப்பிடாவிட்டால், கிளையன்டும் சர்வரும் பேசி, இருவரும் ஏற்கும் மிகப் பெரிய அளவைத் தாமே தேர்ந்துகொள்ளும். 8192 என்று எழுதிவைத்தால், ஒரு கோரிக்கையில் முடியும் வேலையை 128 கோரிக்கைகளாகப் பிரிக்கிறீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. லினக்ஸ் சர்வர் தன் நினைவகத்தில் ஏறத்தாழ 4096இல் ஒரு பங்கையே இந்த அளவாக எடுத்துக்கொள்கிறது. 4 கிகாபைட் நினைவகம் இருந்தால்தான் முழு 1 மெகாபைட் கிடைக்கும். நினைவகம் குறைந்த சிறு பெட்டியில் என்எஃப்எஸ் ஓடினால், என்எஃப்எஸ்ஸ்டாட் காட்டும் எண் நீங்கள் கேட்டதைவிடச் சிறியதாக இருப்பதற்கு இதுவே காரணம். அதில் பிழை எதுவும் இல்லை.

பெரிய கோப்புகள் பறக்கின்றன; சிறு கோப்புகள் ஊர்கின்றன. ஏன்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தலா 2 கிலோபைட் அளவுள்ள 10,000 கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ஒரு தார் தொகுப்பை என்எஃப்எஸ் கோப்புறைக்குள் பிரிக்கிறீர்கள். மொத்தத் தரவு 20 மெகாபைட்தான். கிகாபிட் கம்பியில் இது அரை நொடிகூட ஆகாத வேலை. ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் இந்தப் பெயரில் ஏற்கெனவே ஏதேனும் இருக்கிறதா என்று தேட வேண்டும், கோப்பை உருவாக்க வேண்டும், உள்ளடக்கத்தை எழுத வேண்டும், அனுமதிகளையும் நேரத்தையும் திருத்த வேண்டும், மூட வேண்டும். சுமார் 5 முறை போய்வருவதாகக் கொள்வோம். போய்வரும் நேரம் அரை மில்லிநொடி என்றால் 50,000 பயணங்களுக்கு 25 நொடிகள். தார் நிரல் ஒரு கோப்பை முடித்தபிறகே அடுத்ததைத் தொடங்கும் என்பதால், இந்தக் காத்திருப்புகளில் ஒன்றுகூட மற்றொன்றோடு சேர்ந்து கழிவதில்லை.

இதுவும் பாதிக் கதைதான். உருவாக்குவதும் திருத்துவதும், கோப்பு மூடப்படும்முன் அதில் எழுதிய தரவும் வட்டில் நிலையாகப் பதிந்தபிறகே சர்வர் பதில் சொல்ல வேண்டும் என்பது என்எஃப்எஸ்ஸின் விதி. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. மூன்று பதிவுக்குச் சுமார் 25 மில்லிநொடி என்றால், 10,000 கோப்புகளுக்கு 250 நொடிகள், நான்கு நிமிடத்துக்கும் மேல். உள்ளூர் வட்டில் இதே வேலை ஒன்றிரண்டு நொடிகளில் முடிவதற்குக் காரணம், அங்கே கர்னல் எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகு மொத்தமாக எழுதுகிறது என்பதே.

இந்தக் கணக்கைப் பார்த்தால், ஆர்சைஸை மாற்றுவதும் 10 கிகாபிட் அட்டை வாங்குவதும் இங்கே ஏன் பயன்படவில்லை என்பது விளங்கும். மின்தடை வந்தாலும் தரவைக் காக்கும் மின்தேக்கி கொண்ட எஸ்எஸ்டியைச் சர்வரில் பொருத்தினால், அந்த 25 மில்லிநொடி ஒரு மில்லிநொடிக்கும் கீழே இறங்கும். மலிவான எஸ்எஸ்டிகள் பலவற்றில் இந்த மின்தேக்கி இருப்பதில்லை; அவற்றில் ஒத்திசைவாக எழுதும் வேகம் விளம்பர எண்ணுக்கு எங்கோ கீழே இருக்கும். சர்வரில் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இருந்தால், இத்தகைய எஸ்எஸ்டி ஒன்றைத் தனிப் பதிவேட்டுச் சாதனமாகச் சேர்க்கலாம். செலவே இல்லாத வழிகளும் உண்டு: தொகுப்பை எஸ்எஸ்ஹெச் வழியே அனுப்பிச் சர்வரிலேயே பிரிப்பது, வேலையைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒரே சமயத்தில் ஓடவிடுவது, நிரல் தொகுக்கும்போது உருவாகும் இடைக்காலக் கோப்புகளை உள்ளூர் வட்டுக்குத் திருப்பிவிடுவது. கடைசியாகச் சொன்னதைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். நாளை நீக்கப்போகும் ஒரு கோப்பை எதற்காக வலையமைப்பைக் கடக்கச்செய்ய வேண்டும்?

எந்தக் கோப்புறைகளைப் பகிர்வது என்று சர்வரில் குறிக்கும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் "அசிங்க்" என்று சேர்த்தேன்; எல்லாம் பத்து மடங்கு வேகமாகிவிட்டது. அப்படியே விடலாமா?

வேகமானதில் வியப்பில்லை, வட்டில் எழுதாமலேயே "எழுதிவிட்டேன்" என்று சர்வர் சொல்லத் தொடங்கியிருக்கிறது. இதன் விலை என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் "நம்மிடம் யுபிஎஸ் இருக்கிறது" என்று சொல்லிப் பலர் இதைக் கடந்துவிடுகிறார்கள்.

1995இல் ஆர்எஃப்சி 1813 ஆக வெளிவந்த பதிப்பு 3, இந்தச் சிக்கலுக்கு அழகான தீர்வொன்றைத் தந்தது. கிளையன்ட் தரவை அனுப்பும்போது "இதை இப்போதே வட்டில் பதிக்க வேண்டியதில்லை" என்று சொல்லலாம். சர்வரும் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு உடனே பதில் தரலாம். பிறகு கிளையன்ட் "கமிட்" என்ற கோரிக்கையை அனுப்பி, அதுவரை அனுப்பியவற்றை மொத்தமாகப் பதிக்கச் சொல்கிறது. அதற்குப் பதில் வரும்வரை தன்னிடமுள்ள பிரதியை அது கைவிடுவதில்லை. இடையில் சர்வர் விழுந்து எழுந்தால், ஒவ்வொரு பதிலோடும் வரும் ஒரு சரிபார்ப்பு எண் மாறியிருக்கும். அதைக் கண்டதும் கிளையன்ட் தரவை மீண்டும் அனுப்பும். ஆகவே பெரிய கோப்புகளைப் பொறுத்தவரை பாதுகாப்பை இழக்காமலே வேகம் கிடைத்துவிட்டது.

சர்வரில் அசிங்க் வைத்தால், கமிட் கோரிக்கைக்கே பொய்யான பதில் போகிறது. கிளையன்ட் அதை நம்பித் தன் பிரதியைக் கைவிட்டுவிடும். அந்தச் சில நொடிகளுக்குள் சர்வரின் கர்னல் நின்றுபோனால், அந்தத் தரவு உலகில் எங்கும் இல்லை. பயன்படுத்திய நிரலுக்கு எந்தப் பிழைச்செய்தியும் வந்திருக்காது. யுபிஎஸ் மின்தடையைத் தாங்கும். கர்னல் நின்றுபோவதையும், பழுதான மின்வழங்கியையும், யாரோ தவறாக அழுத்திய மறுதொடக்கப் பொத்தானையும் தாங்காது. மீண்டும் உருவாக்கிவிடக்கூடிய தற்காலிகத் தரவு மட்டும் இருக்கும் எக்ஸ்போர்ட்டுக்கு அசிங்க் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. மக்களின் ஆவணங்கள் இருக்கும் இடத்துக்கு வைக்கக் கூடாது. என்எஃப்எஸ் கருவித்தொகுப்பின் 1.0.0 பதிப்புவரை அசிங்க்தான் இயல்புநிலையாக இருந்தது. அதன்பிறகு சிங்க் இயல்புநிலையாக்கப்பட்டது.

ஒரு பெயர்க்குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். கிளையன்டின் மவுண்ட் விருப்பங்களிலும் சிங்க், அசிங்க் என்ற பெயர்கள் உண்டு. அவை முற்றிலும் வேறானவை. அங்கே அசிங்க் என்பது இயல்புநிலை, அதனால் தீங்கில்லை. அங்கே சிங்க் வைத்தால் ஒவ்வொரு எழுத்துச் செயலும் உடனே சர்வருக்குப் போய், வேகம் அடியோடு விழுந்துவிடும்.

சர்வரில் எத்தனை த்ரெட்கள் வேண்டும்?

த்ரெட் என்பது சர்வரில் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் பணியாள் போன்றது. நெடுங்காலமாக இயல்பு எண்ணிக்கை 8 ஆக இருந்தது. இருபது முப்பது கிளையன்டுகள் உள்ள அலுவலகத்துக்கு இது போதாது. 64 வரை தயங்காமல் உயர்த்தலாம். ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு கோரிக்கையின் உச்ச அளவுக்கு ஏற்ப இடையகம் வைத்துக்கொள்ளும் என்பதால், 64 த்ரெட்களுக்கு ஏறத்தாழ 64 மெகாபைட் நினைவகம் செலவாகும். அதற்குமேல் உயர்த்துவதற்குமுன் டாப் கட்டளையில் அந்த த்ரெட்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். எல்லாமே வட்டுக்காகக் காத்திருக்கும் "டி" நிலையில் இருந்தால், எண்ணிக்கையைக் கூட்டுவது வரிசையை நீளமாக்குமே தவிர வேகத்தைக் கூட்டாது. அதற்குப் பதிலாகச் சர்வருக்கு நினைவகம் வாங்குங்கள். அடிக்கடி படிக்கப்படும் கோப்புகள் வட்டைத் தொடாமலேயே போய்ச்சேரும்.

ஒரு கோப்புறையில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைக் கொடுத்தால் நிமிடக்கணக்கில் ஆகிறது. என்ன செய்வது?

வெறும் பெயர்களைப் பட்டியலிடுவது விரைவாகவே நடக்கும். ஆனால் பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் எல்எஸ் வண்ணத்தோடு காட்டும்படி அமைந்திருப்பதால், ஒவ்வொரு கோப்பின் தன்மையையும் அது தனித்தனியே விசாரிக்கிறது. முதலில் வண்ணத்தை அணைத்துப் பாருங்கள். ஒரே கோப்புறையில் இலட்சம் கோப்புகள் இருந்தால், அவற்றைத் துணைக் கோப்புறைகளாகப் பிரிப்பதே நிலையான தீர்வு.

கோப்புகளின் தன்மைகளைக் கிளையன்ட் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். இயல்பாகக் கோப்புகளுக்குக் குறைந்தது 3 நொடி, கூடியது 60 நொடி. கோப்புறைகளுக்குக் குறைந்தது 30, கூடியது 60. யாரும் அடிக்கடி மாற்றாத தரவாக இருந்தால், ஏசிடைமியோ என்ற விருப்பத்தால் இதைப் பல நிமிடங்களுக்கு நீட்டலாம். வேறொரு கணினியில் செய்த மாற்றம் தாமதமாகத் தெரியும் என்பதே இதற்குக் கொடுக்கும் விலை. அந்தத் தாமதத்தைப் பொறுக்காமல் நோஏசி வைப்பவர்களும் உண்டு. அது தன்மைகளின் கேஷை அறவே அணைத்துவிடுவதோடு, எழுதுவதையும் உடனுக்குடன் நடக்கச்செய்கிறது. தேவையென்று உறுதியாகத் தெரியாமல் அதைத் தொடாதீர்கள்.

கர்னலைப் புதுப்பித்தபிறகு பெரிய கோப்புகளைப் படிப்பது மட்டும் மெதுவாகிவிட்டது. ஏன்?

லினக்ஸ் 5.4க்கு முன்பு, என்எஃப்எஸ் கிளையன்ட் ஆர்சைஸைப் போல 15 மடங்கு தரவை முன்கூட்டியே படித்துவைக்கும். 1 மெகாபைட் ஆர்சைஸ் என்றால் 15 மெகாபைட். 5.4 முதல் மற்றக் கோப்பு முறைமைகளைப் போலவே 128 கிலோபைட் என்றாகிவிட்டது. அப்படியென்றால், 1 மெகாபைட் கோரிக்கைகளை அனுமதித்துவிட்டு, எட்டில் ஒரு பங்கு அளவில்தான் கேட்கிறோம். ஒவ்வொரு மவுண்டுக்கும் சிஸ் கோப்பு முறைமையில் இருக்கும் ரீட்-அஹெட் (முன்கூட்டியே படிக்கும் அளவு) மதிப்பை 4 முதல் 16 மெகாபைட்வரை உயர்த்திப் பாருங்கள். அதன்பிறகு திறக்கப்படும் கோப்புகளில் மாற்றம் தெரியும். மறுதொடக்கத்துக்குப் பின்னும் நிலைக்க, என்எஃப்எஸ் கருவித்தொகுப்பின் புதிய பதிப்புகளில் என்எஃப்எஸ்ராஹெட் என்ற சிறு கருவி வருகிறது.

இரண்டு 10 கிகாபிட் இணைப்புகளைச் சேர்த்துக் கட்டினேன். ஒரு கிளையன்டுக்கு ஏன் 20 வரவில்லை?

ஒரு கிளையன்ட் ஒரு சர்வரோடு இயல்பாக ஒரே டிசிபி இணைப்பில்தான் பேசுகிறது. அந்த ஒரு இணைப்பு, கட்டப்பட்ட இரு கம்பிகளில் ஒன்றின் வழியாகவே போகும். லினக்ஸ் 5.3இல் வந்த என்கனெக்ட் விருப்பம், 16வரை இணைப்புகளைத் திறக்க வழிசெய்கிறது. 4 அல்லது 8 பெரும்பாலும் போதுமானது. சுவிட்சும் சர்வரும் இணைப்புகளைப் பங்கிடும்போது ஐபி முகவரியோடு போர்ட் எண்ணையும் கணக்கில் கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் எட்டு இணைப்புகளும் ஒரே கம்பியில் நெருக்கியடிக்கும். அதே சர்வரிலிருந்து பல எக்ஸ்போர்ட்களை மவுண்ட் செய்தால், முதலில் செய்த மவுண்டில் கொடுத்த எண்ணே மற்றவற்றுக்கும் செல்லும்.

ஜம்போ ஃபிரேம் பயனளிக்குமா?

ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை (எம்டியூ) வழக்கமான 1500 பைட்டிலிருந்து 9000க்கு உயர்த்துவதே ஜம்போ ஃபிரேம். 1 மெகாபைட் கோரிக்கை ஒன்றுக்கு, 1500 பைட் எம்டியூவில் சுமார் 724 பாக்கெட்கள் தேவை; 9000 பைட்டில் 117 போதும். ஆனால் இன்றைய அட்டைகள் பாக்கெட்டைப் பிரிக்கும் வேலையைத் தாமே செய்துகொள்வதால், கிகாபிட்டில் வேறுபாடு சொற்பம். 10 கிகாபிட்டிலும் அதற்கு மேலும் ஓரளவு தெரியும். பாதையிலுள்ள ஒரு சுவிட்ச் மட்டும் 9000ஐ ஏற்கவில்லையென்றால் விநோதமான தொல்லை வரும்: மவுண்ட் ஆகும், சிறு கோப்புறை திறக்கும், பெரிய கோப்பைத் தொட்டதும் உறைந்துவிடும். துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 8972 பைட் பிங் அனுப்பிப் பதில் வந்தால்தான் பாதை முழுவதும் சரியாக இருக்கிறது என்று பொருள்.

யுடிபி வேகமானது என்கிறார்களே?

யுடிபி, டிசிபியைப் போலத் தொலைந்த பாக்கெட்டைத் தானே மீண்டும் அனுப்பாது. ஒரு காலத்தில் அது வேகமாக இருந்தது உண்மை. இப்போது ஆபத்து. 32 கிலோபைட் கோரிக்கை யுடிபியில் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் போகிறது. ஒன்று தொலைந்தாலும் முழுவதையும் மீண்டும் அனுப்ப வேண்டும். துண்டுகளைச் சேர்க்க உதவும் 16 பிட் அடையாள எண், கிகாபிட் வேகத்தில் அரை நிமிடத்துக்குள் சுற்றி முதலிலிருந்து வந்துவிடுவதால், வேறு வேறு கோரிக்கைகளின் துண்டுகள் கலந்துவிடவும் வாய்ப்புண்டு. லினக்ஸ் 5.6 முதல் கிளையன்டில் யுடிபி ஆதரவு இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது.

பதிப்பு 3 நல்லதா, 4 நல்லதா?

வேகத்தை மட்டும் பார்த்தால், கோப்பை யார் திறந்திருக்கிறார்கள் என்பதைச் சர்வர் நினைவில் வைக்காத பழைய பதிப்பு 3 சில சிறுகோப்பு வேலைகளில் முந்துவதுண்டு. ஆயினும் புதிதாக அமைப்பவர்களுக்கு 4.2ஐயே சொல்வேன். 2049 என்ற ஒரே போர்ட் போதும் என்பதால் தீச்சுவர் அமைப்பு எளிது. வேறு யாரும் எழுதாத கோப்பை, சர்வரை மீண்டும் மீண்டும் விசாரிக்காமல் படிக்கச் சர்வரே அனுமதி (டெலிகேஷன்) தருகிறது. 2016இல் வரையறுக்கப்பட்ட 4.2இல், ஒரே மவுண்டுக்குள் 20 கிகாபைட் கோப்பை நகலெடுக்கும்போது தரவு உங்கள் கணினிக்கு வந்து திரும்ப வேண்டியதில்லை. சர்வரே தனக்குள் நகலெடுத்துக்கொள்ளும். கோர்யூட்டில்ஸ் 9.0 முதல் சிபி கட்டளை இதைத் தானாகவே பயன்படுத்துகிறது.

நோஏடைம் சேர்த்தால் வேகம் கூடுமா?

கிளையன்டின் மவுண்டில் சேர்த்தால் எந்த விளைவும் இல்லை. கோப்பைப் படித்த நேரத்தைக் குறிப்பது சர்வரின் வேலை. அதன் வட்டை மவுண்ட் செய்யும் இடத்தில் சேர்த்தால் ஓரளவு பயனுண்டு.

கெர்பரோஸ் பாதுகாப்பு வேகத்தைக் குறைக்குமா?

கெர்பரோஸ் என்பது பயனரின் அடையாளத்தை வலையமைப்பில் சரிபார்க்கும் முறை. அடையாளத்தை மட்டும் சரிபார்க்கும் முதல் நிலையில் குறைவு அரிதாகவே தெரியும். தரவு முழுவதையும் மறையாக்கம் செய்யும் மூன்றாம் நிலையில், பழைய செயலிகளில் நன்றாகவே தெரியும்.

வேறு நகரத்தில் உள்ள கிளை அலுவலகத்துக்கு என்எஃப்எஸ் தரலாமா?

தரலாம், பயனர்கள் திட்டுவார்கள். போய்வர 40 மில்லிநொடி ஆகும் இணைப்பில், ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் செயல்கள் நொடிக்கு 25தான். மேலே பார்த்த 50,000 பயணங்களுக்கு அரை மணி நேரத்துக்கும் மேலாகும். எத்தனை கிகாபிட் இணைப்பு வாங்கினாலும் இந்த எண் மாறாது. படிப்பதற்கு மட்டுமான தரவு என்றால், எஃப்எஸ்சி விருப்பத்தோடு உள்ளூர் வட்டில் கேஷ் வைப்பது ஓரளவு உதவும். மற்றபடி, மாறியவற்றை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியைக் கொண்டு இரவில் நகலெடுத்துவைப்பதே நிம்மதி.

சர்வர் நின்றால் கிளையன்டின் எல்லா நிரல்களும் உறைந்துவிடுகின்றன. "சாஃப்ட்" வைத்தால் தீருமா?

உறைவது தீரும், தரவு கெடும். "ஹார்டு" என்ற இயல்புநிலையில், சர்வர் திரும்பிவரும்வரை கிளையன்ட் கேட்டுக்கொண்டே இருக்கும். வந்தவுடன் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். சாஃப்ட்டில் குறித்த நேரத்துக்குப் பின் நிரலுக்குப் பிழை திருப்பப்படும்; எழுதும்போது வரும் பிழையைச் சரிபார்க்காத நிரல்கள் ஏராளம் என்பதால், பாதி எழுதிய கோப்பு முழுக்கோப்பாக நினைக்கப்பட்டுவிடும். காலவரம்பைக் குறிக்கும் டைமியோ, நொடியில் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டது. டிசிபியில் அதன் இயல்பு மதிப்பான 600 என்பது 60 நொடி. 60 நொடி என்று நினைத்து 60 என எழுதினால், அது 6 நொடிதான்; சிறு நெரிசலுக்கே பிழைகள் வரத் தொடங்கும். படிப்பதற்கு மட்டும் மவுண்ட் செய்யும் கோப்புறைகளுக்குச் சாஃப்ட் ஏற்கத்தக்கது.